திங்கட்கிழமை வராதவர்

மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர்களுக்கு வேலை கொடுத்தவர்களே கள்ளும் கொடுத்தார்கள். கள்ளுக்கடை தோட்டத்துக்கு உள்ளேயே இருக்கும். பல தோட்டங்களில் அதை நடத்தியதே நிர்வாகம்தான். விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவன் சாயங்காலம் அதே நிர்வாகத்தின் கடைக்குப் போய், வாங்கிய கூலியில் ஒரு பங்கை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு குடியிருப்பு லயத்துக்கு வருவான். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வந்து நின்றுவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. 1946, 47-இல் கெடா மாநிலத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பி, கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்துத் தொழிலாளர்கள் அதில் முன்னால் நின்றார்கள். குடிக்காதே என்று தொழிலாளிக்குத் தொழிலாளி சொன்னான். அந்த மறியலைக் கலைக்கப் போலீஸ் வந்தது.

பிரிட்டிஷ் கடற்படை இதற்கும் ஒரு படி மேலே. மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் அளந்து ஊற்றுவது 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம். 1970 ஜூலை 31 வரை நடந்தது. நுட்பமான இயந்திரங்களையும் ஆயுதங்களையும் கையாள்கிறவனுக்கு நடுப்பகலில் ரம் ஊற்றலாமா என்ற யோசனை கடற்படைத் தலைமைக்கு அப்போதுதான் வந்தது. நிறுத்திய அன்று மாலுமிகள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு துக்கம் கொண்டாடினார்கள்.

வேலையிடத்தில் குடி என்றதும் ஒழுங்குகெட்ட ஒரு தொழிலாளியின் முகம்தான் நமக்கு நினைவுக்கு வருகிறது. வேலை கொடுத்தவனே ஊற்றிக் கொடுத்த காலம் ஒன்று இருந்ததால் அங்கிருந்து தொடங்கினேன்.

தமிழ்நாட்டு மில்களில் முதலாளி ஊற்றிக் கொடுக்கவில்லை. ஆனால் சம்பள நாளைச் சாராயக் கடை மறந்ததே இல்லை. ஆயிரம் பேருக்குக் குறைவான ஆலையென்றால் ஏழாம் தேதிக்குள், அதற்கு மேல் என்றால் பத்தாம் தேதிக்குள் சம்பளம் போடவேண்டும் என்று 1936-ஆம் வருடத்துச் சட்டம் சொன்னது. அன்றைக்குச் சங்கு ஊதி ஷிப்ட் விடும்போது மில் கேட்டில் மூன்று வகை ஆட்கள் நிற்பார்கள். வட்டி வசூலிக்க வந்த ஈட்டிக்காரர், சந்தா வாங்க வந்த சங்கத்துக்காரர், இடுப்பில் குழந்தையோடு தொழிலாளியின் மனைவி. சம்பளக் கவர் கடைப் பக்கம் திரும்புவதற்கு முன்னால் அதைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்பது அந்த அம்மாவின் கணக்கு. பாதி நாள் அவர் ஜெயிப்பார். இன்றைக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. செல்போனில் ஒரு ஓசை கேட்டால் சரி. எந்த கேட்டில் போய் நிற்பது? பணம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வங்கிக் கணக்கு நல்ல மாற்றம்தான், கூலியில் கைவைக்கிறவர்களிடமிருந்து தொழிலாளியைக் காப்பாற்றியது. அந்த மனைவியிடம் இருந்த ஒரே பிடியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மேலிருந்தும் ஒரு வைத்தியம் செய்து பார்த்தார்கள். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் விலகியது, 1974-இல் திரும்ப வந்தது, 1981-இல் மறுபடி கடைகள் திறந்தன. மதுவிலக்கு இருந்த வருடங்களில் குடிப்பதே குற்றம். ஆகவே ஆலைக்குள் குடிக்கிறவர் யாரும் இல்லை என்பது ஏட்டுக் கணக்கு. மரச்சாமானுக்குப் பூச வைத்த ஸ்பிரிட்டும் வார்னிஷும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கின்றன என்பது ஸ்டோர் கீப்பருக்கு மட்டும் தெரியும். இல்லாத நோய்க்கு எந்த நிர்வாகம் வைத்தியம் பார்க்கும்?

சட்டத்தில் இருந்தது ஒரே வழி. 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் ஆலைகள் எழுதிக்கொண்ட நிலையாணைகளில், திருட்டு, கைகலப்பு, கீழ்ப்படியாமை வரிசையில் பணி நேரத்தில் குடித்திருப்பதும் பெரும்பாலும் ஒரு வரியாக இருக்கும். தவறான நடத்தை, தண்டனை சஸ்பென்ஷன் முதல் டிஸ்மிஸ் வரை. வாட்ச்மேன் வாயை ஊதச் சொல்வார். வாடை அடித்தால் டைம் ஆபீசுக்குத் தகவல் போகும். சார்ஜ் ஷீட், விளக்கம், விசாரணை. கூட வேலை செய்தவர் சாட்சிக்கு வரமாட்டார். சங்கத்து ஆள் வந்து, அவர் இருமல் மருந்து சாப்பிட்டிருந்தார் என்பார். 1971-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் விபத்து வழக்கில், வாடையையும் தள்ளாட்டத்தையும் பேச்சுக் குழறலையும் வைத்து மட்டும் போதையை நிரூபித்துவிட முடியாது, ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லையே என்றது. ஆலை விசாரணைகளிலும் தொழிலாளர் தரப்புக்கு அந்த வாதம் கைகொடுத்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டுப் பாக்கிச் சம்பளத்தோடு திரும்பி வந்தவர்கள் உண்டு. வந்த பணத்தை எப்படிக் கொண்டாடினார்கள் என்று கேட்கவேண்டாம். வழக்கில் ஒரு பக்கம் ஜெயித்தது, ஒரு பக்கம் தோற்றது. அந்த மனிதர் ஏன் காலை ஆறு மணிக்கே குடித்தார் என்ற கேள்விக்கு அந்தக் கட்டுக் காகிதத்தில் இடமே இல்லை.

இத்தனைக்கும் டைம் ஆபீஸ் வரை போன விவகாரங்கள் கொஞ்சம்தான். மீதியை மேஸ்திரி மூடிவிடுவார். “இன்னைக்கு மெஷின் பக்கம் வராதே, குடோன்ல போய்ப் படு” என்பார். பக்கத்து மெஷின்காரர் இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்வார். டோக்கனை இன்னொருவர் போடுவார். சொஸைட்டிக் கடனுக்கு மூன்றாமவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவார். எல்லாம் நல்ல மனசில் செய்வதுதான். இத்தனை பேர் சேர்ந்து தாங்கியதால் அந்த ஆள் விழவே இல்லை; விழாததால் பத்துப் பதினைந்து வருடம் யாரும் வைத்தியம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்தக் காலத்தின் பெரிய கெடுதி டிஸ்மிஸ் ஆர்டரைவிட இந்தப் பரிவுதான் என்பேன். ஆனாலும் அந்த மேஸ்திரியிடம் ஒன்று இருந்தது. ஆளை அவருக்குத் தெரியும். எத்தனை பிள்ளைகள், எந்தச் சாவுக்குப் பிறகு குடி அதிகமானது, யார் சொன்னால் கேட்பார் என்பதெல்லாம் தெரியும். இன்று நம்மிடம் உள்ள எந்தக் கருவிக்கும் இது தெரியாது.

இடையில் ஒரு விநோதச் செய்தி. குடிநோய்க்கான பழைய மருந்து ஒன்றுக்கு முதல் தடயம் கிடைத்ததே தொழிற்சாலையில்தான். 1937-இல் அமெரிக்காவில் ஒரு ரசாயன ஆலையின் மருத்துவர், ரப்பரைப் பதப்படுத்தும் தைராம் வகைப் பொருட்களோடு வேலை செய்கிறவர்களால் கொஞ்சம் மதுவைக்கூடத் தாங்க முடியவில்லை என்று கவனித்து எழுதினார். முகம் சிவந்துவிடும், நெஞ்சு படபடக்கும். பத்து வருடத்துக்குப் பின் டென்மார்க்கில் ஹால்ட், யாகோப்சன் என்ற இருவர் அதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிராமைக் குடிநோய்க்கு மருந்தாகக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு விஷயம் தெரிந்து, மருத்துவர் மேற்பார்வையில், குடிக்காமல் இருக்கத் துணையாகச் சாப்பிடவேண்டிய மாத்திரை அது. நம் ஊரில் அதைப் பொடித்துச் சாம்பாரில் கலந்து, அவருக்குத் தெரியாமல் ஊற்றிய வீடுகள் ஏராளம். அப்படிச் சாப்பிட்டவர் சாயங்காலம் கடைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

சென்னையில் திருப்பம் ஒரு வீட்டுத் துக்கத்திலிருந்து வந்தது. டி.டி.கே. தொழில் குடும்பத்தைச் சேர்ந்த டி. டி. ரங்கநாதன் 1979-இல் குடிநோயால் இறந்தார். இளம் வயது. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்கா போய்ப் பயிற்சி பெற்று வந்து, 1980-இல் கணவர் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார். அதுதான் இன்று டி.டி.கே. மருத்துவமனை. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நோயாளிக்குச் சிகிச்சை, குடும்பத்தாருக்கும் தனி வகுப்பு, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்பு என்பது அங்கே முறை. இது மில் தொழிலாளியின் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்த முதலாளி வர்க்கத்துக்கு, தன் வீட்டுக்குள்ளேயே அது உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஆளை நீக்காமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்ற எண்ணம் கம்பெனிகளுக்கு வர இப்படிப்பட்ட மையங்கள் வழி செய்தன. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களுக்காகத் தனித் திட்டமே நடத்தியது. 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட நடைமுறைத் தொகுப்பு, மதுவும் போதையும் உடல்நலப் பிரச்சினைகள், மற்ற நோய்களைப் போலவே இவற்றையும் நடத்தவேண்டும், விஷயம் ரகசியமாக இருக்கவேண்டும் என்றது. தண்டிக்கும் உரிமையை நிர்வாகத்திடமிருந்து பறிக்கவில்லை. சிகிச்சையை முதலில் வை என்றது.

இனி இன்றைய கதை.

வாட்ச்மேனின் மூக்கு இருந்த இடத்தில் இன்று கருவி. ரயில் ஓட்டும் லோகோ பைலட் கிரூ லாபியில் டூட்டிக்குக் கையெழுத்திடும்போதே ஊதவேண்டும். விமானிக்குப் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது. ஊதிச் சோதித்ததில் முதல் தடவை சிக்கினால் மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் தடவை மூன்று வருடம், அடுத்தது ரத்து. சாலையில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. நல்லதுதான். பஸ்ஸில் ஏறும் ஐம்பது பேருக்கும் அந்தக் கருவி ஒரு காவல்.

ஆனால் அந்த 30 என்ற எண்ணை டிரைவர்களுக்கு யாராவது கணக்குப் போட்டுக் காட்டுகிறார்களா? டாஸ்மாக் கடையில் விற்கும் பிராந்தியின் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, 42.8 சதவீத ஆல்கஹால். அதில் தூய ஆல்கஹால் சுமார் 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் இது ஏறக்குறைய 150 வரை ஏற்றும். உடம்பு மணிக்கு 15 வீதம்தான் கழிக்கும். இரவு பத்து மணிக்குக் கடை மூடும் நேரத்தில் ஒரு குவார்ட்டரை முடித்தவருக்கு, காலை ஆறு மணி முதல் டிரிப்பில் 30-ஐ ஒட்டித்தான் நிற்கும். இரண்டு குவார்ட்டர் என்றால் நண்பகலில்கூட இறங்கியிருக்காது. ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். நன்றாகத் தூங்கிக் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்தவர், நான் நேற்று ராத்திரி சாப்பிட்டதுதானே சார் என்பார். பொய் சொல்லவில்லை. மோரும் எலுமிச்சையும் கழிக்கும் வேகத்தைக் கூட்டா. இந்த ஒரு கணக்கை டிப்போ சுவரில் எழுதிவைத்தால் சில மெமோக்கள் குறையும்.

கருவி கண்டுபிடிப்பது நேற்று ராத்திரி குடித்தவரை. கல்யாண வீட்டில் எப்போதோ ஒரு தடவை குடித்தவர் அதில் சிக்குவார். பதினைந்து வருடமாகத் தினமும் குடிக்கிறவருக்கு அந்தக் கருவி எத்தனை மணிக்கு வரும், எந்த ஷிப்டில் வராது என்பது அத்துப்படி.

போதைப் பொருள் என்று வந்தால் மூக்கும் தோற்கும், கருவியும் தோற்கும். கஞ்சா, பைகளில் அடைத்து விற்கும் புகையிலை, மெத்தாம்பெட்டமின் எல்லாம் வேலையிடம் வரை வந்துவிட்டன. சென்னைப் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் ‘வலி மாத்திரை’களில் முக்கியமானது டேபென்டடால். மருத்துவர் சீட்டோடு மட்டும் கிடைக்கவேண்டிய, ஓபியம் வகையைச் சேர்ந்த வலி நிவாரணி. வாடை கிடையாது. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை அட்டை அபினையும் மார்பினையும் காட்டும்; டேபென்டடாலைக் காட்டாது. கஞ்சாவுக்கு நேர் எதிரான சிக்கல். நாள்தோறும் புகைக்கிறவரின் சிறுநீரில் நிறுத்தி வாரக்கணக்கான பின்னும் தடயம் இருக்கும். அட்டையில் கோடு விழுந்ததால் அவர் இன்றைக்குப் போதையில் இருக்கிறார் என்று பொருள் இல்லை. கேம்பில் ஐந்நூறு பேருக்கு அட்டை வாங்கிச் சோதித்து, கோடு விழுந்தவர்களை வெளியே அனுப்பும் கம்பெனி, ஒரு தப்பான கேள்விக்கு நவீனமான முறையில் பதில் தேடுகிறது.

ஆச்சரியமாக, இந்த விஷயத்தில் விமானத் துறை ஒரு படி முன்னால் போயிருக்கிறது. 2022 ஜனவரி 31 முதல் விமானிகளையும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் போதைப் பொருளுக்காகத் திடீர்ச் சோதனை செய்கிறார்கள். முதல் தடவை உறுதியானால் பணியிலிருந்து விலக்கி, போதை மீட்பு மையத்துக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. மதுவில் சிக்கியவருக்கு முதலில் தண்டனை, கஞ்சாவில் சிக்கியவருக்கு முதலில் சிகிச்சை. ஒரே துறையில் இந்த இரண்டும் அருகருகே இருப்பதைப் பார்த்தால் நாம் இன்னும் நடுவழியில் நிற்பது புரியும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அந்த மேஸ்திரி பார்த்ததைத்தான். வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு மாதத்தைப் புரட்டினால் போதும். திங்கட்கிழமை விடுப்பு, சம்பளத்துக்கு அடுத்த நாள் விடுப்பு, பாட்டி இரண்டாவது தடவை இறந்துபோதல். பதிவேட்டிலேயே இன்னொன்றும் இருக்கிறது: கையெழுத்து. காலையில் வந்ததும் போட்ட கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருக்கும், மாலையில் போனபோது போட்டது திருத்தமாக இருக்கும். காலையில் கை நடுங்குகிறது. மத்தியானம் உள்ளே ஏதோ போனபிறகு நடுக்கம் நின்றிருக்கிறது. அட்வான்ஸ் கேட்பது மாதம் ஒன்றிலிருந்து வாரம் ஒன்றாகும். பி.எஃப். பணத்துக்கு விண்ணப்பம் வரும். சின்னச் சின்ன விபத்து, விரல் நசுங்கல். மதிய சாப்பாட்டுக்கு எல்லோரும் சேர்ந்து உட்காரும்போது இவர் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போவார். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். சர்க்கரை நோயால் கை நடுங்கலாம், வீட்டில் உண்மையிலேயே சாவு நடந்திருக்கலாம். ஆறு மாதம் எல்லாம் சேர்ந்து வந்தால் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது. நோயைச் சொல்வது மேற்பார்வையாளரின் வேலை இல்லை. கண்ணில் பட்டதைச் சொல்வதுதான்.

சில வேலைகளில் பதிவேட்டைப் புரட்டவும் தேவையில்லை. சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவரைக் கேட்டுப் பாருங்கள், பிணவறையில் உடலை அறுத்துக் கொடுக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள். குடிக்காமல் அந்த நாற்றத்தில் நிற்க முடியாது என்று பலரும் ஒளிவில்லாமல் சொல்வார்கள். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் குழிக்குள் ஆளை இறக்குவதையும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குழிகளும் இருக்கின்றன, ஆட்களும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு விழிப்புணர்வுத் துண்டறிக்கை கொடுக்க எந்த அதிகாரிக்கும் முகம் இருக்கக் கூடாது. முதலில் மெஷின் வாங்கட்டும். சித்தாள் வேலை, சுமை தூக்கும் வேலை, இரவு லாரி எல்லாம் கொஞ்சம் முன்னப்பின்ன இதே வரிசைதான். உடம்பு வலிக்கு ஒரு கட்டிங் என்று தொடங்குகிறது. அந்தக் கட்டிங்கை விற்பதும் அரசுதான்; தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையும் அரசின் கையில். 2024-25-இல் அரசுக்கு அதில் வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். மலாயாத் தோட்டத்து நிர்வாகத்தை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இப்போது முக்கியமான மாற்றத்துக்கு வருகிறேன். ஏட்டில் எல்லாமே கனிந்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்தது. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு வேண்டும் என்றது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வரும் போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. கட்டணமில்லா உதவி எண்ணும் இருக்கிறது. இத்தனையும் இல்லாத காலத்தில் ஒன்று இருந்தது. நிரந்தர வேலை.

அன்றைய மில் தொழிலாளியை நினைத்த மாத்திரத்தில் நீக்க முடியாது. சார்ஜ் ஷீட் கொடுக்கவேண்டும், விசாரிக்கவேண்டும், சங்கம் வரும். அந்த இழுபறிக்குள் ஒரு இடைவெளி இருந்தது. சிகிச்சைக்கு அனுப்ப அந்த இடைவெளி போதும். “ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா, இல்லேன்னா ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடுவேன்” என்று மேனேஜர் சொன்னால் அதற்கு எடை இருந்தது. குடிநோயாளி பெண்டாட்டி சொன்னால் கேட்கமாட்டார், டாக்டர் சொன்னால் கேட்கமாட்டார். வேலை போகும் என்றால் கேட்பார். போகாமலும் இருக்கும் என்று நம்பினால்தான் கேட்பார். இரண்டும் வேண்டும். 1940-களில் அமெரிக்காவில் டூபாண்ட், ஈஸ்ட்மன் கோடாக் போன்ற கம்பெனிகள் ஊழியர்களுக்கான குடிநோய்த் திட்டங்களைத் தொடங்கியதே இந்தப் பிடியை நம்பித்தான்.

இன்றைக்கு அதே கேட்டுக்குள் போகிறவர்களில் எத்தனை பேர் கம்பெனியின் ஆட்கள்? கான்ட்ராக்ட் ஆட்கள், பயிற்சியாளர் என்ற பெயரில் வருடக்கணக்கில் இருப்பவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஏஜென்ட் கூட்டிவந்தவர்கள். இவர்களில் ஒருவர் குடித்துவிட்டு வந்தால் சார்ஜ் ஷீட் இல்லை, விசாரணை இல்லை. கான்ட்ராக்டருக்கு ஒரு போன். “அந்தப் பையனை நாளையிலேர்ந்து அனுப்பாதீங்க.” தீர்ந்தது. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்குப் போன்கூட இல்லை; செயலியில் அவன் கணக்கு திறக்காது. நிலையாணை நூறு பேர் இருக்கும் ஆலைக்குக் கட்டாயம் என்றிருந்தது; 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு அதை முந்நூறு பேர் என்று உயர்த்தியது. நோய் என்று ஒப்புக்கொண்ட காலமும், நோயாளியைப் பிடித்து நிறுத்தும் வேலை காணாமல் போன காலமும் ஒன்றாக வந்து சேர்ந்துவிட்டன. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு வகையில் சிகிச்சை பெற்றதாகச் சொன்னவர் 38 பேருக்கு ஒருவர்.

காப்பீட்டு விஷயம் இன்னும் வேடிக்கை. இணையாகக் கொடு என்று சட்டம் சொன்ன பிறகும், பாலிசிப் பத்திரத்தில் விலக்குப் பட்டியலின் 12-ஆம் எண்ணைப் பாருங்கள்: மது, போதைக்கான சிகிச்சையும் அவற்றின் விளைவுகளும் செல்லாது. ஒழுங்குமுறை ஆணையமே வகுத்துக் கொடுத்த வாசகம் அது. கம்பெனி எடுக்கும் குழுக் காப்பீட்டிலும் இந்த வரி இருக்கிறதா என்று எச்.ஆர். துறையில் இருப்பவர்கள் இன்றைக்கே புரட்டிப் பார்க்கலாம். இருந்தால், புதுப்பிக்கும்போது பேசி நீக்கப் பாருங்கள்.

சரி, பிடி இருக்கும் இடத்தில் எப்படிப் பேசுவது? இன்றைக்குப் பல இடங்களில் சூப்பர்வைசருக்கு இருபத்தாறு வயது, டிப்ளமா படித்தவர். எதிரில் நிற்பவருக்கு நாற்பத்தெட்டு. போதையில் இருக்கும்போது பேசக் கூடாது; அன்றைக்கு மெஷினிலிருந்து விலக்கி, துணைக்கு ஆள் போட்டு வீட்டுக்கு அனுப்பவேண்டும். மறுநாள், தனியாக.

“அண்ணே, இந்த மாசம் மூணு திங்கக்கிழமை வரலை. போன மாசம் ரெண்டு. பதினெட்டாம் தேதி ஜாப் நாப்பது பீஸ் ரிஜக்ட் ஆச்சு. உங்க கையில இப்படி ஆனதே இல்லை.”

“வீட்ல கொஞ்சம் பிரச்சினை தம்பி.”

“இருக்கட்டும்ணே. நான் வீட்டு விஷயம் கேக்கலை. டாக்டரைப் பாத்துட்டு வாங்க, நான் நேரம் எழுதித் தரேன். அவர் என்ன சொன்னார்னு எனக்கு வேண்டாம். போனீங்களான்னு மட்டும் சொன்னா போதும். அடுத்த மாசம் இதே மாதிரி இருந்தா நான் மேல எழுதித்தான் ஆகணும். எழுத வைக்காதீங்க.”

இவ்வளவுதான். குடிகாரன் என்ற சொல் வரவில்லை, உபதேசம் இல்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. தேதியும் எண்ணிக்கையும் இருந்ததால் அவர் மறுக்க வழியில்லை. அண்ணே என்று கூப்பிட்டதால் முகம் கெடவில்லை.

எச்சரிக்கை ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் குடிக்கிறவரிடம், நாளை முதல் ஒரு சொட்டு கூடாது என்று மிரட்டி அனுப்புவது ஆபத்து. நிறுத்திய இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியலாம். உயிரும் போகலாம். ஞாயிறு குடிக்காமல் இருந்து திங்கள் காலை மெஷின் முன்னால் வலிப்பு வந்து விழுந்தவரைக் காக்கா வலிப்பு என்று சொல்லிக் கையில் சாவியைக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. நிறுத்துவது மருத்துவர் கண் பார்வையில் நடக்கவேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சட்டத்துக்குப் புறம்பாக நடக்கும் ‘மறுவாழ்வு மையங்களில்’ கட்டிப்போட்டு அடிக்கும் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. உரிமம் பார்க்காமல் ஆளை ஒப்படைக்காதீர்கள்.

திருந்தி வந்தவரை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விமானியைக் காட்டுகிறேன். 1990 மார்ச் 8-ஆம் தேதி நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் கேப்டன் லைல் ப்ரவுஸ், முந்தின இரவு நிறையக் குடித்துவிட்டு, ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸுக்குப் பயணிகளோடு விமானம் ஓட்டினார். இறங்கியதும் கைது. உரிமம் போனது, வேலை போனது, 16 மாதச் சிறைத் தண்டனை. சிகிச்சை பெற்றுக் குடியை விட்டார். எல்லா உரிமங்களையும் முதலிலிருந்து எழுதி வாங்கினார். 1993-இல் அதே நார்த்வெஸ்ட் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 747 விமானத்தின் கேப்டனாக 1998-இல் ஓய்வு பெற்றார். தண்டனையும் முழுதாக நடந்தது, கதவும் திறந்திருந்தது. எல்லோரும் இப்படி மீள்வதில்லை. சிகிச்சைக்குப் பின் மறுபடி விழுவது இந்த நோயில் சகஜம். சர்க்கரை நோயாளி மறுபடி இனிப்புத் தின்றால் அவரை யாரும் டிஸ்மிஸ் செய்வதில்லை.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. உங்கள் கேன்டீன் சுவரில் அதைப் பெரிதாக எழுதிவையுங்கள். அதன் கீழே, சிகிச்சைக்குப் போகிறவரின் வேலை போகாது, கான்ட்ராக்ட் ஆளுக்கும் இது பொருந்தும் என்று நிர்வாகத்தின் கையெழுத்தோடு இன்னொரு வரி வேண்டும். அந்த இரண்டாவது வரியை எழுத நிர்வாகம் சம்மதிக்காவிட்டால், முதல் வரியைப் பார்த்து யாரும் போன் செய்யப்போவதில்லை.